ஒற்றைக் கண் குடைப்பேய்: ஜப்பானிய யோகாய் ஓவியத்துக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பேய், பூதம், விசித்திர உயிர் அத்தனைக்கும் பொதுப்பெயர் யோகாய். தலையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு ஆற்றில் வாழும் கப்பா, நீண்ட மூக்கும் இறக்கையும் கொண்ட தெங்கு, கழுத்து மீட்டர் கணக்கில் நீளும் ரோகுரோகுபி என்று பட்டியல் பெரியது. வரைய உட்காரும் எவருக்கும் முதலில் கை போவது இவற்றிடம்தான். முதல் ஓவியத்துக்கு இவை வேண்டாம். கப்பாவுக்குத் தவளைத் தோலும் ஆமை ஓடும் தெரிந்திருக்க வேண்டும், தெங்குவுக்கு உடை மடிப்பு தெரிந்திருக்க வேண்டும், ரோகுரோகுபிக்கு மனித முகம் கைவர வேண்டும். அதற்குப் பதிலாகக் காசா-ஒபாகே என்ற குடைப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதக் குடை, ஒரே கண், தொங்கும் நாக்கு, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் மரச்செருப்பு போட்ட ஒற்றைக் கால். கோடு, நிறச்சாயல், ஈரத்தில் ஈரம் சேர்ப்பது, வெள்ளை வைப்பது என இந்தக் கலையின் அடிப்படைகள் எல்லாம் இந்த ஒரே உருவத்தில் வந்துவிடும்.

நூறு ஆண்டு கடந்த பண்டங்களுக்கு உயிர் வந்துவிடும் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. அப்படி உயிர்பெற்றவற்றைத் சுகுமோகாமி என்பார்கள். அந்த நூறு முடிவதற்குள் வீட்டைத் துடைத்துப் பழைய சாமான்களை வெளியே எறிந்துவிடுவதும், எறியப்பட்ட சாமான்கள் கோபத்தோடு திரும்பி வருவதும் அந்தக் கதைகளின் சாரம். கியோத்தோவின் தைதோகுஜி கோயில் வளாகத்தில் உள்ள ஷின்ஜு-ஆன் மடத்தின் ஓவியச்சுருளில் இசைக்கருவிகளும் பாத்திரங்களும் இரவில் ஊர்வலம் போகின்றன. 1776 முதல் 1784 வரை ஓவியர் தோரியாமா செகியென் வெளியிட்ட அச்சுப்படத் தொகுதிகள்தான் யோகாய்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் பெயரும் உருவமும் கொடுத்தவை. அவற்றின் கடைசித் தொகுதியில் கிழிந்து எலும்பாகிப்போன குடை ஒன்றும் உண்டு. ஒற்றைக் கால் குடைப்பேய்க்கோ நாட்டுப்புறக் கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அது வாழ்ந்தது படங்களிலும் விளையாட்டுச் சீட்டுகளிலும் நாடக மேடையிலும்தான். ஆகவே கதையைப் பிழையாக வரைந்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். குடையைப் பிழையாக வரைந்துவிடக் கூடாது. கவலைப்பட வேண்டியது அது ஒன்றுக்குத்தான்.

ஏனென்றால் யோகாய் ஓவியத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றே: பயங்கரத்தை முதலில் வரைவார்கள், பொருளைப் பிறகு ஒப்புக்குச் சேர்ப்பார்கள். கண்ணும் நாக்கும் பெரிதாக இருக்கும், குடை கூம்பு வடிவத் தொப்பி போல இருக்கும். பார்ப்பவருக்கு அச்சமும் வராது, சிரிப்பும் வராது. நம் வீட்டு மூலையில் சாத்திவைத்த குடை என்று நம்பும்படி வரைந்துவிட்டால், அதில் ஒரு கண் திறந்தாலே போதும்.

என்னென்ன வேண்டும்

காகிதம்: கோசோ என்ற செடியின் பட்டை நாரில் செய்த வாஷி என்ற ஜப்பானியக் காகிதம், 24 × 33 செ.மீ. அளவில் மூன்று தாள். ஒன்று ஓவியத்துக்கு, ஒன்று சோதனைக்கு, ஒன்று தவறுக்கு. ஷிகிஷி என்ற தடித்த அட்டை கிடைத்தால் அதுவும் நல்லது. அதன் வழக்கமான அளவு 24.2 × 27.2 செ.மீ. வாங்கும்போது தோரினோகோ வகையைக் கேளுங்கள். காசென் வகை ஷிகிஷி மையை உறிஞ்சிப் பரப்பிவிடும், மெல்லிய கோடு நிற்காது.

தூரிகை நான்கு: கோட்டுக்கு மென்சோ என்ற நீண்ட மெல்லிய முனைத் தூரிகை, நிறத்துக்கு நடுத்தர அளவில் சாய்ஷிகி ஒன்று, சாயல் கரைக்க அதே அளவில் இன்னொன்று, பூச்சுக்கு 6 செ.மீ. அகலமுள்ள ஹாகே என்ற தட்டைத் தூரிகை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மற்றவற்றில் குறையுங்கள், மென்சோவில் வேண்டாம்.

சுமி மைக்கட்டி ஒன்று, மைக்கல் ஒன்று. நிறத்துக்குக் கான்சாய் என்ற ஜப்பானிய நீர்வண்ண வில்லைகளில் ஐந்து போதும்: மஞ்சட்காவி, செங்காவிப் பழுப்பு, சிந்தூரச் சிவப்பு, அவுரி நீலம், வெள்ளை. வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் ஐந்தாறு, இரண்டு டம்ளர் தண்ணீர், பழைய பருத்தித் துணி. தாளைப் பதப்படுத்தும் தோசாப் பூச்சுக்கு மணமும் இனிப்பும் இல்லாத ஜெலட்டின், படிகாரம்.

காகிதத்தைப் பதப்படுத்துதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். பிறகு மை பரவுகிறது, நிறம் திட்டுத்திட்டாக நிற்கிறது, தூரிகை மோசம் என்று வருத்தப்படுவார்கள். காரணம் தூரிகை அல்ல. தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துப்போல அரை நிமிடம் நின்றால் அது ஏற்கெனவே பதப்படுத்திய தாள், அடுத்த பகுதிக்குப் போகலாம். விட்டவுடன் உள்ளே இறங்கிப் பின்பக்கம் கருத்தால் அது பதப்படுத்தாத தாள். அதற்குத் தோசா போட வேண்டும்.

தோசா என்பது பசையும் படிகாரமும் கலந்த நீர். ஜப்பானில் இதற்கு நிகாவா என்ற தோல் பசையைப் பயன்படுத்துவார்கள். தச்சுவேலைக்கு விற்கும் வச்சிரமும் அதே இனம்தான், ஆனால் நிறமும் நாற்றமும் தாளில் தங்கிவிடும். ஜெலட்டின் பாதுகாப்பானது.

அரை லிட்டர் தண்ணீரில் 8 கிராம் ஜெலட்டினைப் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கிக் கரையுங்கள். கை பொறுக்காத சூடு வரலாம், கொதிக்கக் கூடாது. கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கியபின், கொஞ்சம் வெந்நீரில் தனியாகக் கரைத்த இரண்டரை கிராம் படிகாரத்தை ஊற்றிக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். படிகாரம் பசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கூடினால் தாள் காய்ந்தபின் பொடிப்பொடியாக மினுக்கும். அமிலத்தன்மை உள்ள பொருள் என்பதால் ஆண்டுகள் போகப்போகத் தாளையும் முறிக்கும்.

தாளைப் பழைய போர்வையின் மேல் விரித்து, வெதுவெதுப்பான தோசாவை ஹாகேயால் ஒரே திசையில், இடமிருந்து வலமாக, ஒரு பட்டைக்கு ஒரே இழுப்பில் போடுங்கள். போட்ட இடத்தில் மறுபடி தேய்க்காதீர்கள், ஈரத் தாள் பஞ்சு பஞ்சாக எழும். கொடியில் மாட்டி நிழலில் காயவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் பின்பக்கமும் ஒருமுறை. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். காயத் தாமதமானால் பூச்சு ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகும். மறுநாள் சொட்டுச் சோதனையைத் தாளின் ஓரங்களில் நான்கைந்து இடத்தில் செய்து பாருங்கள். மீந்த தோசாவை அடுத்த நாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள், அழுகும்.

குடையைப் படிப்பது

பென்சில் எடுப்பதற்கு முன் ஒரு வாகாசா, அதாவது ஜப்பானியக் காகிதக் குடை, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிஃபு நகரம் இந்தக் குடைகளுக்குப் பேர்போனது. நாம் பிடிக்கும் துணிக்குடையில் பெரும்பாலும் எட்டுக் கம்பி. வாகாசாவில் முப்பதுக்கும் மேல் மூங்கில் பிளாச்சுகள். ஒரே மூங்கிலைப் பிளந்து வரிசை மாறாமல் கட்டுவதால், மூடும்போது அவை சேர்ந்து மறுபடி அந்த மூங்கில் குழாய் போலவே ஆகிவிடும். துணிக்குடையை மூடினால் துணி வெளியே தொங்கும். வாகாசாவை மூடினால் காகிதம் பிளாச்சுகளுக்கு இடையில் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். வெளியே தெரிவது பிளாச்சுகளின் முதுகுதான். குடையின் உச்சியில் எண்ணெய்க் காகிதத்தால் ஒரு சிறு மூடாக்குக் கட்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வாகாசாவை உச்சி மேலாக, கைப்பிடி கீழாக நிறுத்துவதுதான் மரபு. துணிக்குடையைப் போலத் தலைகீழாகச் சாத்துவதில்லை. கைப்பிடி காலாக மாறியிருப்பது இதைப் பார்த்தபின் மிக இயல்பாகத் தோன்றும். மூலையில் நின்ற குடை நின்ற நிலையிலேயே குதிக்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே.

வரைவுப் படம்

சாதாரணத் தாளில் 24 × 33 செ.மீ. கட்டம் போடுங்கள். மேலே 4 செ.மீ. விடுங்கள். குடை உடல் 17 செ.மீ., கால் 7, மரச்செருப்பு ஒன்றரை, கீழே மூன்று, மூன்றரை மிச்சம். ஷிகிஷி அட்டையானால் உடல் 14, கால் ஐந்தரை. முதலில் நடு அச்சுக்கோடு. அதை நேர்குத்தாகப் போடாமல் 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் போடுங்கள், ஒற்றைக் காலில் குதிப்பது அப்போதுதான் தெரியும். சாய்த்தபின் குடை உடலின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். அது செருப்பின் மேல் விழ வேண்டும். விழாவிட்டால் முழங்காலை மடக்கிப் பாதத்தை அங்கே கொண்டுவாருங்கள். இதைச் செய்யாத குடைப்பேய்கள் எல்லாம் கீழே விழப்போகிறவை போலவே இருக்கும்.

குடையை அரைவாசி திறந்ததாக வையுங்கள், கீழ் விளிம்பு 10 செ.மீ. அகலம். முன்பக்கம் தெரியும் பிளாச்சுகளைப் பதினொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். உண்மை எண்ணிக்கையை வரைந்தால் இந்த அளவில் கருத்துப்போகும். ஆனால் இடைவெளியைச் சமமாக வைக்காதீர்கள். நடுவில் அகலமாகவும் இரு ஓரங்களில் நெருக்கமாகவும் இருந்தால்தான் உருண்டை தெரியும். கீழ் விளிம்பு நேர்கோடு அல்ல. பிளாச்சு முனைகள் கீழே இறங்கியும், இடையில் உள்ள காகிதம் உள்வாங்கி மேலே ஏறியும் அலை அலையாக வரும்.

கண்ணின் இடம் உடலின் மேல் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம். அகலம் 3 செ.மீ. கண்ணைக் கடந்துபோகும் பிளாச்சுகளை அதன் மேலேயே நிறுத்திவிடாமல், இமையைச் சுற்றி லேசாக வளைத்துக் கொண்டுபோங்கள். காகிதத்துக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு புடைத்திருப்பது போல வரும். கருவிழி மேல் இமையைத் தொட்டு, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கட்டும். நட்ட நடுவில் வைத்தால் பொம்மைக் கண்.

வாய் பிளாச்சுகளுக்குக் குறுக்கே திறக்கிறது. அப்படியானால் வாய்க்குள் அந்தப் பிளாச்சுகள் என்ன ஆயின? இதற்கு விடை வைத்திருக்க வேண்டும். ஒன்று, அவை முறிந்து முனைகள் பல்போல உதட்டில் நிற்கலாம். அல்லது முறியாமல் வாயின் இருட்டுக்குள் தொடர்ந்து, நாக்கு அவற்றுக்கு இடையில் வெளியே வரலாம். இரண்டாவது வழி வரைவதற்குக் கடினம், ஆனால் நன்றாக இருக்கும். நாக்கு 6 செ.மீ., சற்றே திருகி.

கிழிசல்களை இரண்டு, மூன்றோடு நிறுத்துங்கள். மடிந்து மடிந்து தேயும் இடத்தில்தான் காகிதம் கிழியும். ஆகவே கிழிசல் மேலிருந்து கீழாக, பிளாச்சை ஒட்டியே போகும். நடுவில் வட்ட ஓட்டை போட்டால் யாரோ குத்தியது போல ஆகிவிடும்.

வரைவு திருப்தியானதும் அதன் மேல் பதப்படுத்திய வாஷியை வைத்தால் கோடு மங்கலாகத் தெரியும். தெரியாவிட்டால் பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மிக மெல்லிய பென்சிலால் படியெடுங்கள். அழிப்பான் வாஷியின் தோசாவையும் நாரையும் சேர்த்து உரித்துவிடும். அழித்த இடத்தில் பிறகு நிறம் கறைபோல இறங்கும். அதனால்தான் திருத்தம் எல்லாம் வரைவுத் தாளிலேயே முடிய வேண்டும்.

மையும் கோடும்

மைக்கல்லின் மேட்டில் கால் டீஸ்பூன் தண்ணீர். மைக்கட்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், மெதுவாக வட்டமாக உரையுங்கள். விளக்குப்புகைக் கரியும் தோல் பசையும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டி. அழுத்தி வேகமாக உரைத்தால் பெரிய துகள்கள் பெயர்ந்து கோடு சொரசொரப்பாகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டி போன தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நிற்கத் தொடங்கும். அப்போது மை தயார். கட்டியைக் கல்லின் மேல் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், ஒட்டிக்கொண்டால் கல்லையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். துடைத்து நிழலில் வையுங்கள், வெயிலில் வெடிக்கும். நேற்று உரைத்த மையை இன்று கோட்டுக்குப் பயன்படுத்தவும் கூடாது. கரி திரண்டு, காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரையும்.

புதுத் தூரிகையின் முடி பசையால் விறைத்திருக்கும். மென்சோவில் முனைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விரலால் இளக்கித் தண்ணீரில் அலசுங்கள். தூரிகையை நேர்குத்தாகப் பிடித்து, சுண்டுவிரலை மட்டும் தாளில் ஊன்றி, முழங்கையிலிருந்து இழுங்கள். சோதனைத் தாளில் 15 செ.மீ. நீளத்தில், கம்பிபோலத் தடிப்பு மாறாத கோடுகள் ஐம்பது இழுத்தபின் ஓவியத்துக்கு வாருங்கள். பிளாச்சுகளுக்கு இந்தக் கோடுதான். உச்சியிலிருந்து விளிம்புவரை ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல். நாக்கு, கால், இமை இவற்றுக்குத் தொடக்கத்தில் அழுத்தி முடிவில் தூக்கும் கோடு. மரமும் மூங்கிலும் ஒருவகை, சதை வேறுவகை என்று கோட்டிலேயே பிரித்துக் காட்டிவிட்டால் நிறம் பாதி வேலைதான் செய்ய வேண்டியிருக்கும்.

கோடுகள் ஓர் இரவு முழுவதும் காயட்டும். அவசரப்பட்டு மேலே நிறம் வைத்தால் கறுப்பு கரைந்து காவி அழுக்காகும்.

நிறம்

மஞ்சட்காவியைத் தேநீர் அளவுக்குத் தண்ணீராகக் கரைத்து, குடை உடல் முழுவதும் ஒரு பூச்சு. காய்ந்தபின் இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்று மெல்லிய பூச்சு தரும் ஆழத்தை ஒரு தடித்த பூச்சு தராது. தடித்தது மை கோட்டையும் மூடும், உலர்ந்ததும் பொருக்கும் விடும். மூன்றாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே செங்காவிப் பழுப்பில் ஒரு சொட்டை விளிம்பருகே விடுங்கள். அது தானே பரவி, எண்ணெய் தோய்ந்த பழங்காகிதத்தின் கறைபோல உட்காரும். இதைத் தராஷிகோமி என்பார்கள். விட்டபின் தூரிகையால் தொடக் கூடாது. இரண்டு மூன்று இடம் போதும், குடை முழுவதும் புள்ளி வைத்தால் சிறுத்தைத் தோலாகிவிடும்.

பிளாச்சுகளின் நிழல் பக்கத்துக்கு இரட்டைத் தூரிகை முறை. வலக்கையில் இரண்டு தூரிகையையும் பிடியுங்கள், ஒன்றில் நீர்த்த பழுப்பு, மற்றதில் வெறும் தண்ணீர். பழுப்பைப் பிளாச்சை ஒட்டி மெல்லிய கோடாக வைத்து, உடனே திருப்பித் தண்ணீர்த் தூரிகையால் அதன் ஒரு கரையை மட்டும் கரைத்து இழுங்கள். தண்ணீர்த் தூரிகை சொட்டும் ஈரத்தில் இருந்தால் நிறத்தைத் துரத்திப் பூக்கோசு போன்ற விளிம்பு கட்டும். துணியில் ஒருமுறை ஒற்றிய ஈரம்தான் சரி. நாக்குக்கும் இதே முறை. அடியில் சிந்தூரச் சிவப்பு, நுனியில் வெளிறி, நடுக்கோட்டில் மட்டும் சற்று ஆழம்.

கால் மனிதக் கால். நீர்த்த செங்காவி ஒரு பூச்சு, முழங்காலிலும் குதிகாலிலும் சற்றுக் கூடுதல். மயிர் சில இழைகள் வேண்டுமானால் மென்சோவின் நுனியால். வாயின் உள்ளே கறுப்பை நேரடியாக வைக்காமல், முதலில் அவுரி நீலம், அது காய்ந்தபின் மேலே நீர்த்த மை. வெறும் கறுப்பு ஓட்டைபோலத் தெரியும். நீலம் அடியில் இருந்தால் இருட்டாகத் தெரியும்.

பின்னணி இல்லாமல் விட்டுவிடுவது முதல் படத்துக்கு நல்லது. இரவு வேண்டுமென்றால், ஹாகேயால் வெறும் தண்ணீரை உருவத்தைச் சுற்றி முதலில் பூசி, அந்த ஈரத்தில் மிக நீர்த்த மையும் துளி அவுரியும் கலந்த நீரை மேலிருந்து கொண்டுவாருங்கள். உருவத்தை ஒட்டி அரை செ.மீ. வெளிச்சமாக விடுங்கள். கிழிசல்களுக்குள்ளும் அதே இரவு தெரிய வேண்டும். இதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நிறத்தில் மங்கிப்போன கோடுகளை மட்டும் இப்போது மறுபடி இழுங்கள். எல்லாவற்றையும் இழுத்தால் அச்சுப்படம் போல விறைக்கும்.

கண்

சிலைக்குக் கண் திறப்பது போல இதற்கும் கண் கடைசியில்தான். வெள்ளைக்கு மரபுப் பொருள் கோஃபுன், சிப்பி ஓட்டுப் பொடி. அதை நைய அரைத்து, பசைநீர் விட்டுப் பூரி மாவுபோலப் பிசைந்து, பீங்கானில் நூறுமுறை அறைந்து பக்குவப்படுத்த வேண்டும். முதல் ஓவியத்துக்கு வில்லை வெள்ளையே போதும். பிறகு கோஃபுனுக்கு மாறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஈரத்தில் அது கண்ணாடிபோலத் தெரியும், காயும்போதுதான் வெளுக்கும். போதவில்லை என்று ஈரத்திலேயே மேலே மேலே வைத்தால் காய்ந்தபின் விரிசல் விடும்.

விழிவெண்மை இரண்டு மெல்லிய பூச்சு. அது காய்ந்தபின் மேல் இமைக்குக் கீழே நீர்த்த அவுரியால் ஒரு சாயல், விழி உருண்டு உள்ளே அமர்ந்துவிடும். கருவிழி வட்டத்துக்கு மஞ்சட்காவி, அதன் நடுவில் கெட்டியான மை ஒரே புள்ளியாக. ஓரத்தில் குண்டூசித் தலையளவு வெள்ளை ஒன்று, அல்லது அதுவும் இல்லாமல். வெளிச்சப் புள்ளி வைத்தால் உயிர்ப்பு, வைக்காவிட்டால் வெறித்த பார்வை. குடைப்பேய்க்கு வைப்பதே பொருத்தம், அது குறும்பு செய்யும் பேய்.

வாஷி நிறம் வைத்ததில் நெளிந்திருக்கும். பின்பக்கம் தண்ணீரை மிக லேசாகத் தெளித்து, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் எடையும் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். சிவப்பு முத்திரை வைப்பதானால் கண் பார்க்கும் திசையில் வேண்டாம், பார்வை அங்கேயே முட்டி நின்றுவிடும். அதன் முதுகுப்பக்கக் கீழ் மூலை நல்ல இடம்.

அடுத்த படத்துக்குச் சோசின்-ஒபாகே என்ற காகித விளக்குப்பேயை எடுக்கலாம். ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில், பேய்க்கதையில் கணவனால் வஞ்சிக்கப்பட்டு இறந்த ஓஇவா என்ற பெண்ணின் ஆவியை விளக்குக்குள் முகமாக வரைந்திருக்கிறார். விளக்கில் மூங்கில் வளையங்கள் கிடைமட்டமாகச் சுற்றிவருகின்றன. ஆகவே அங்கே கிழிசலும் கிடைமட்டம், வாய் இரண்டு வளையங்களுக்கு இடையில் தானாகவே திறந்துகொள்ளும். குடையில் நீங்கள் பட்ட சிக்கல் அங்கே இருக்காது. அதற்குப் பதில் மடிப்புகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே நிறம் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.